ஊரார் நெல்லும் பள்ளி அடுப்பும்

மேற்கு மலையடிவாரத்தில் கண்மாய் நீரால் நெல் விளைப்பது ராஜபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரம். 1952-இல் காமராசரை மக்களவைக்கு அனுப்பியது திருவில்லிபுத்தூர்த் தொகுதியே. முதலமைச்சரான பின்னர், 1956-இல், அண்டைக் கரிசற்சீமையின் எட்டயபுரத்தில் அவர் தொடங்கிவைத்த மதிய உணவுத் திட்டத்தை அரசின் கொடையாகவே நாம் நினைவுகூருகிறோம். தொடக்கத்திலோ அது ஊராரின் கொடை. கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு மக்களிடம் கேட்டுப் பெற்றார். பணம் இல்லாதோர் தானியமாகத் தந்தனர். 1957-இல் அரசு மானியம் வந்தபோதும், ஒரு சாப்பாட்டுக்கான 10 காசில் 6 காசே அரசினுடையது; எஞ்சிய 4 காசு ஊராரின் பங்கு.

1961 முதல் கேர் நிறுவனத்தின் வழியாக அமெரிக்க உணவுப் பொருள்கள் வந்தன. பசித்தவருக்கு அது நன்மையே. ஆயினும் வயலுக்கும் பள்ளி அடுப்புக்குமிருந்த உறவு தளர்ந்தது. 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் பொறுப்பை அரசின்மேல் வைத்தது. அரிசி நுகர்பொருள் வாணிபக் கழகக் கிடங்கிலிருந்து வந்தது.

இதை இழப்பென்று மட்டும் சொல்ல எமக்கு மனம் வரவில்லை. நிலமுடையோர் அளந்து கொடுத்த நெல்லை நட்டதும் அறுத்ததும் பெரும்பாலும் நிலமற்றோர். அவர்தம் பிள்ளைகள் உண்ட சோற்றுக்கே தருமம் என்று பெயர். லேவியராகமம் 19-ஆம் அதிகாரமோ வயலோரக் கதிரை ஏழைக்கு விட்டுவிடுமாறு நிலமுடையோனுக்குக் கட்டளையிடுகிறது. அவன் இரக்கத்துக்கு அதை விட்டுவைக்கவில்லை. ஊராரின் அந்த 4 காசில் அறுப்பாள்களின் பங்கு எவ்வளவு என்று எவரும் கணக்கிட்டதாகத் தெரியவில்லை.