கெஸ்ட்டுக்குக் கதவு அடைத்த கதை

வீட்ல பழைய நாஸ் பெட்டி வெச்சிருக்கிறவங்க அடிக்கடி கேட்கிற கேள்வி இது: நேத்து வரைக்கும் திறந்த ஷேர்டு ஃபோல்டர், விண்டோஸ் அப்டேட் ஆனதும் ஏன் திறக்கல? வர்ற மெசேஜ் இன்னும் வேடிக்கை. உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை கெஸ்ட்டைத் தடுக்கிறதாம். ரெண்டு ரூம் வீட்ல ஏதுங்க நிறுவனம்?

பதிலுக்கு நாற்பது வருஷம் பின்னாடி போகணும். 1980களின் தொடக்கத்தில் ஐபிஎம்மில் பேரி ஃபைகன்பாம் உருவாக்கியதுதான் எஸ்எம்பி. ஒரே ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் ஃபைலைப் பகிர்ந்துக்கணும், அவ்வளவுதான் நோக்கம். கேபிளோட அந்தப் பக்கம் இருக்கிறவர் நம்ம ஆள்தான்னு நம்பின காலம் அது. பிறகு மைக்ரோசாஃப்ட் அதை வளர்த்து விண்டோஸுக்குள்ள வெச்சது.

ஆனா உங்க பெட்டிக்குள்ள ஓடுறது பெரும்பாலும் லினக்ஸ். அதுக்கு விண்டோஸ் பாஷை எப்படி வந்துச்சு? இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச மனுஷர் வர்றார்: ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் பிஎச்டி மாணவர். தன்னோட பிசியையும் ஒரு சன் மெஷினையும் இணைக்க, 1991 கடைசியில் நெட்வொர்க்ல ஓடுற பாக்கெட்டுகளைப் பார்த்துப் பார்த்தே ஒரு சர்வர் எழுதினார். பாஷை தெரியாத ஹோட்டல்ல உட்கார்ந்து, யார் என்ன சொன்னா என்ன தட்டு வருதுன்னு கவனிச்சுக் கத்துக்கிற மாதிரி. இந்த உவமையும் அவரோடதுதான். பேர் வைக்கிறப்போ எஸ், எம், பி மூணு எழுத்தும் வர்ற வார்த்தையை அகராதி ஃபைல்ல தேடினார். கிடைச்சது சாம்பா.

அந்தப் பழைய நம்பிக்கைக்கு 2017 மே 12 அன்று அடி விழுந்தது. எஸ்எம்பியின் முதல் பதிப்புல இருந்த ஓட்டை வழியா வான்னாக்ரை பரவியது. பிரிட்டன் மருத்துவமனைகளில் சிகிச்சைகளே ரத்தாகின. மைக்ரோசாஃப்ட் மார்ச் மாசமே பேட்ச் கொடுத்திருந்தது, போடாதவங்க மாட்டினாங்க. அதே வருஷக் கடைசியில் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டுகள்ல எஸ்எம்பி 1 தானா இன்ஸ்டால் ஆகிறது நின்னுச்சு. 2019-ல் சாம்பாவும் அதை அணைச்சு வெச்சது. 2024-ல் விண்டோஸ் 11 24எச்2, ப்ரோ பதிப்புலயும் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் கையெழுத்து கேட்க ஆரம்பிச்சது. அந்தக் கையெழுத்துக்கான சாவி பாஸ்வேர்ட்ல இருந்து பிறக்குது. கெஸ்ட்டுக்குப் பாஸ்வேர்டே கிடையாது. அப்புறம் எங்கிருந்து சாவி?

"எஸ்எம்பி 1-ஐ ஆன் பண்ணுங்க, சரியாயிடும்"னு சொல்ற வீடியோக்கள் நிறைய. தயவுசெஞ்சு வேண்டாம். நாஸ்ல ஒரு யூசரும் பாஸ்வேர்டும் உருவாக்குங்க, எஸ்எம்பி 2 அல்லது 3 ஆன்ல இருக்கான்னு பாருங்க. நெட்வொர்க் லிஸ்ட்ல பெட்டியோட பேர் தெரியலையா? அந்த லிஸ்ட்டும் பழைய எஸ்எம்பி 1-ஐ நம்பி இருந்ததுதான். ரெண்டு பேக்ஸ்லாஷ் போட்டு ஐபி முகவரியை நேரா டைப் பண்ணுங்க. எஸ்எம்பி 1 மட்டுமே தெரிஞ்ச, அப்டேட் நின்னுபோன பெட்டின்னா, ஃபோட்டோக்களை எல்லாம் இந்த வார இறுதியிலேயே வேற டிஸ்க்குக்கு மாத்திடுங்க.