வெளிநாட்டுப் பயன்பாட்டுக்கான ஆவணச் சான்றுறுதி: மேலநீலிதநல்லூர் வட்டாரத்தை முன்வைத்து

வெளிநாட்டுப் பயன்பாட்டுக்கான ஆவணச் சான்றுறுதி என்பது, ஒரு நாட்டில் எழுதப்பட்ட அல்லது வழங்கப்பட்ட ஆவணத்தை வேறொரு நாட்டின் அலுவலகமோ நீதிமன்றமோ நிறுவனமோ ஏற்கும்படி, அதிலுள்ள கையொப்பமும் முத்திரையும் உரியவருடையவையே என்று அதிகாரம் பெற்றவர்கள் அடுத்தடுத்து உறுதிசெய்யும் நடைமுறையாகும். பேச்சு வழக்கில் 'நோட்டரி போடுவது', 'அட்டெஸ்டேஷன்', 'அப்போஸ்டில்' ஆகிய மூன்றும் ஒன்றுபோலவே வழங்கினாலும், சட்டத்தின் பார்வையில் இவை தனித்தனிப் படிகள். தென்காசி மாவட்டத்தில் சங்கரன்கோவிலை அடுத்துள்ள ஊராட்சி ஒன்றியத் தலைமையிடமான மேலநீலிதநல்லூரிலிருந்து வேலைக்கோ மேற்படிப்புக்கோ கணவனோடு அல்லது மனைவியோடு சேர்ந்து வாழவோ வெளிநாடு செல்பவரின் ஆவணம், கிராமத்துப் பதிவேட்டில் தொடங்கி, சங்கரன்கோவில், சென்னை வழியாக நடுவண் அரசின் வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரையைப் பெறும் வரை இப்படிகளைக் கடந்தாக வேண்டும்.

முதற்படியில் நிற்பவர் நோட்டரி. சட்டத் தமிழில் சான்றுறுதி அலுவலர் எனப்படும் இவர், நடுவண் அரசாலோ மாநில அரசாலோ நியமிக்கப்பட்ட வழக்கறிஞர். இந்தியாவில் முன்பு இப்பணியைச் செய்தவர்களில் பலர் இங்கிலாந்தில் கேன்டர்பரி பேராயரின் கீழிருந்த அமைப்பிடமிருந்து நியமனம் பெற்றவர்கள். விடுதலைக்குப் பின் இந்நிலை பொருந்தாததாயிற்று என்பதால் 1952-ஆம் ஆண்டின் நோட்டரிகள் சட்டம் இயற்றப்பட்டு, 1956-இல் அதன் விதிகளோடு நடைமுறைக்கு வந்தது. பொதுவாகப் பத்தாண்டுகள் வழக்கறிஞராகப் பணியாற்றியவரே இப்பதவிக்குத் தகுதியுடையவர். பெண்களுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற பிற்படுத்தப்பட்டோருக்கும் ஏழாண்டுகள் போதும். ஆவணத்தில் ஒருவர் கையொப்பமிட்டதற்குச் சான்றளிப்பது, உறுதிமொழி பெற்றுப் பிரமாணப் பத்திரத்தை ஏற்பது, நகலை மூலத்தோடு ஒப்பிட்டுச் சான்றளிப்பது, ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்கு ஆவணத்தை மொழிபெயர்த்து அதைச் சரிபார்ப்பது முதலியன சட்டத்தின் 8-ஆம் பிரிவு இவருக்குத் தரும் பணிகள். தமிழில் மட்டுமே உள்ள பழைய வாரிசுச் சான்றையோ கிரயப் பத்திரத்தையோ ஆங்கிலத்தில் தர வேண்டியவருக்கு இந்த மொழிபெயர்ப்புப் பணி பெரிதும் உதவுகிறது.

நோட்டரியின் முத்திரை 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள எளிய வட்டம். அதில் அவர் பெயரும் பணிபுரியும் எல்லையும் பதிவெண்ணும் இருக்க வேண்டும். ஒவ்வொரு சான்றளிப்பையும் அவர் தம் பதிவேட்டில் வரிசை எண்ணிட்டு எழுதி, உரியவரின் கையொப்பத்தையோ பெருவிரல் ரேகையையோ அங்கும் பெறுவது முறை. இந்தப் பதிவேட்டு வரிதான் நோட்டரிச் சான்றின் உயிர்நாடி எனலாம். கையொப்பமிட வேண்டியவர் நேரில் வராமலேயே, உறவினர் கொண்டுவந்த தாளில் முத்திரை வாங்கிச் செல்லும் வழக்கம் பல இடங்களில் காணப்படுகிறது. பின்னொரு நாள் வெளிநாட்டு அலுவலகம் அந்தச் சான்றின் மெய்ம்மையைக் கேட்டு எழுதும்போது பதிவேட்டில் அதற்குரிய வரி இல்லையென்றால், பல மாத உழைப்பும் செலவும் வீணாகும். பாதிக்கப்படுபவர் பெரும்பாலும் சட்ட நுணுக்கம் தெரியாத தொழிலாளி என்பதால், சங்கரன்கோவில் வரை நேரில் சென்று, பதிவேட்டில் கையொப்பமிட்டு, பதிவேட்டு எண்ணைக் குறித்துக்கொண்டு வரும் அரைநாள் அலைச்சலைத் தவிர்க்கலாகாது.

நோட்டரிக்கு அடுத்து ஆவணம் மாநில அரசுக்குச் செல்கிறது. பிறப்பு, இறப்பு, திருமணம் போன்ற தனிநபர் ஆவணங்கள் உள்துறையிலும், பட்டம், மதிப்பெண் பட்டியல் போன்றவை கல்வித் துறையிலும், வணிக ஆவணங்கள் வணிகச் சபைகளிலும் சான்று பெறுகின்றன. கல்வி ஆவணங்களுக்கு வழங்கிய நிறுவனமே தரும் உண்மைத்தன்மைச் சான்று பல வேளைகளில் கேட்கப்படும். மேலநீலிதநல்லூரிலுள்ள பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் கல்லூரியில் படித்தவர்களுக்கு அதைத் தர வேண்டியது கல்லூரியன்று, பட்டம் வழங்கிய பல்கலைக்கழகமே. 1990-இல் திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் உருவானபின் பட்டம் பெற்றவர் அங்கும், அதற்கு முந்தியவர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்கும் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். இக்கட்டத்தில் வெறும் நோட்டரி நகல் பெரும்பாலும் போதாது, மூலச் சான்றிதழே வேண்டும். பத்திரமாக இருக்கட்டும் என்று பெற்றோர் லேமினேஷன் செய்து வைத்த சான்றிதழில் முத்திரை பதிக்கவோ ஒட்டுவில்லை ஒட்டவோ இயலாது. அந்த உறையைப் பிரிக்கும்போது தாளின் மேற்பரப்பும் எழுத்தும் சேர்ந்து பெயர்ந்துவிடுவதும் உண்டு.

இதன்பின் வெளியுறவு அமைச்சகம் ஆவணம் செல்லவிருக்கும் நாட்டைப் பொறுத்து இருவகைச் சான்றுகளில் ஒன்றை அளிக்கிறது. 1961 அக்டோபர் 5-இல் நெதர்லாந்தின் ஹேக் நகரில் முடிவான உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்கு 'அப்போஸ்டில்' என்னும் சான்று வழங்கப்படும். குறைந்தது 9 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரத்தில், பிரெஞ்சு மொழித் தலைப்போடு, எண்ணிட்ட பத்து விவரங்களைக் கொண்ட இச்சான்று இந்தியாவில் கணினி ஒட்டுவில்லையாக ஆவணத்தின் மீதே ஒட்டப்படுகிறது. இது கிடைத்தபின் அந்நாட்டுத் தூதரகத்தின் சான்று தேவையில்லை. இந்தியாவில் இவ்வுடன்படிக்கை 2005 ஜூலை 14 முதல் நடைமுறையில் உள்ளது. இந்தியா சேர்ந்தபோது ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்ததால், அந்த ஆட்சேபம் நீடிக்கும் வரை இரு நாடுகளுக்கிடையே இம்முறை செல்லாது. வளைகுடா நாடுகளில் ஓமன் 2012-இலும், பஹ்ரைன் 2013-இன் இறுதியிலும், சவூதி அரேபியா 2022 டிசம்பரிலும் இதற்குள் வந்தன. சிங்கப்பூர் 2021-இலும் கனடா 2024 ஜனவரியிலும் வந்தன. ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், குவைத் ஆகியவை சேராததால், அங்கு செல்லும் ஆவணம் அமைச்சகத்தின் சாதாரணச் சான்றுக்குப் பிறகு அந்நாட்டுத் தூதரகத்தின் சான்றையும், சென்று சேர்ந்தபின் அங்குள்ள வெளியுறவு அமைச்சகத்தின் சான்றையும் பெற வேண்டும். ஆவணங்களை அமைச்சகம் அங்கீகரித்த முகவர் நிறுவனங்கள் வழியாகச் சென்னை உள்ளிட்ட நகரங்களில் ஒப்படைக்கலாம். அப்போஸ்டிலுக்கு அரசு வாங்கும் கட்டணம் ஆவணத்துக்கு 50 ரூபாயே, எஞ்சியது சேவைக் கட்டணம். இடைத்தரகர்கள் கேட்கும் பல்லாயிரம் ரூபாயோடு இத்தொகையை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

இத்தனை முத்திரைகளும் சேர்ந்து உறுதிசெய்வது, கையொப்பமிட்டவர் யார், எந்தப் பதவியில் இட்டார், முத்திரை யாருடையது என்பவற்றை மட்டுமே. ஆவணத்தில் எழுதியிருப்பது உண்மை என்று நோட்டரியும் சொல்வதில்லை, அமைச்சகமும் சொல்வதில்லை. எனவே மூலத்திலுள்ள பிழை எல்லா முத்திரைகளையும் சுமந்துகொண்டே கடல் கடக்கிறது. மேலநீலிதநல்லூர் வட்டாரத்தில் இத்தகைய முரண்பாட்டுக்கு ஊர்ப் பெயரும் மாவட்டப் பெயருமே காரணமாவது கவனிக்கத்தக்கது. தூத்துக்குடி பிரிந்த 1986 முதல் 1997 வரை இவ்வூர் நெல்லை கட்டபொம்மன் மாவட்டத்தில் இருந்தது. பின்னர் மீண்டும் திருநெல்வேலி மாவட்டம் என்ற பெயர் வந்தது. 2019 நவம்பர் 22 முதல் தென்காசி மாவட்டம். 1992-இல் இங்கு பிறந்து, 2008-இல் பத்தாம் வகுப்பு முடித்து, 2021-இல் பாஸ்போர்ட் எடுத்த ஒருவரின் மூன்று ஆவணங்களிலும் வெவ்வேறு மாவட்டங்கள் இருக்கக்கூடும். பழைய பத்திரங்களில் வட்டத்தின் பெயர் சங்கரநயினார்கோயில் என்றிருக்கும். வெளிநாட்டு அலுவலருக்கு இவை ஒரே இடம் என்று தெரிய வழியில்லை. மாவட்டப் பிரிப்பு அரசாணையின் நகலையும் விளக்கப் பிரமாணப் பத்திரத்தையும் இணைப்பது இங்கு உதவும்.

ஆட்பெயரில் வரும் சிக்கல் இதனினும் பெரிது. சங்கரன்கோவில் தெய்வங்களான கோமதி அம்மனையும் சங்கரநாராயணரையும் ஒட்டி இப்பகுதியில் வழங்கும் கோமதிநாயகம் போன்ற நீண்ட பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டு பள்ளிச் சான்றிதழில் 'ஜி'யிலும் ஆதாரில் 'கே'யிலும் தொடங்கியிருக்கலாம். தந்தை பெயரின் முதலெழுத்து ஓரிடத்தில் முன்னும் ஓரிடத்தில் பின்னும் நிற்கும். பாஸ்போர்ட்டிலோ குடும்பப் பெயர் என்ற கட்டத்தை நிரப்பத் தந்தை பெயர் முழுதாக விரிந்திருக்கும். எல்லாம் ஒருவரையே குறிக்கும் என நோட்டரி முன் தரும் பிரமாணப் பத்திரத்தைச் சில நாடுகள் ஏற்கும், சில ஏற்காது. ஏற்காதவற்றுக்கு மூலச் சான்றிதழைத் திருத்துவதோ, பெயர் மாற்றத்தைத் தமிழ்நாடு அரசிதழில் வெளியிடுவதோதான் வழி. இதை விமான டிக்கெட் எடுத்தபின் தொடங்குவதில் பயனில்லை. வீட்டிலேயே பிறந்து பதிவாகாமல் விட்டவர்களுக்கு, ஓராண்டு கடந்த பிறப்பைப் பதிவு செய்ய நடுவரின் உத்தரவு வேண்டும் என்பதால் காலம் இன்னும் கூடும்.

திருமணத்துக்கு நோட்டரி ஒப்பந்தம் சான்றாகாது. கோயிலிலோ மண்டபத்திலோ நடந்த திருமணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து பெறும் சான்றிதழே விசாவுக்குச் செல்லும். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டின் சட்டம் இப்பதிவைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

எதிர்த் திசையிலும் ஆவணங்கள் பயணம் செய்கின்றன. துபாயிலோ மஸ்கட்டிலோ இருப்பவர் ஊரிலுள்ள புஞ்சையை விற்கவோ வழக்கை நடத்தவோ உடன்பிறந்தவருக்குப் பவர் பத்திரம் எழுதும்போது, 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தின் 33-ஆம் பிரிவுப்படி அது அந்நாட்டு நோட்டரி, நீதிபதி, இந்தியத் தூதரக அதிகாரி போன்றோர் முன் எழுதிக் கையொப்பமிடப்பட வேண்டும். பெரும்பாலோர் இந்தியத் தூதரகத்தையே நாடுகின்றனர். அப்பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் 1899-ஆம் ஆண்டின் முத்திரைச் சட்டப்படி உரிய முத்திரைத் தீர்வை செலுத்தியாக வேண்டும்; அதைச் செலுத்தாத பத்திரத்தைக் கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்தில் கிரயம் பதிய இயலாது. தபால் உறையிலுள்ள தேதி முத்திரை பத்திரம் வந்து சேர்ந்த நாளைக் காட்ட உதவும் என்பதால், உறையையும் பத்திரத்தோடு சேர்த்து வைத்திருப்பது பாதுகாப்பானது.