சோளகமும் கற்சுவரும்

கிருலப்பனையிலிருந்து கால்வாயின் போக்கில் மேற்கே சென்றால் வெள்ளவத்தைக் கடற்கரையை அடையலாம். வைகாசியில் சோளகம் எழுந்துவிட்டால் அங்கே புகையிரதப் பாதையோரம் நின்று பேசுவோருக்குத் தம் குரலே கேளாது. அலை கல்லில் அறையுந்தோறும் காலின்கீழ் நிலம் அதிரும். எங்கிருந்து வருகிறது இந்த வலிமை?

சூரியனிடமிருந்துதான். வெயிலில் ஆசிய நிலப்பரப்பு சூடேற, தென்கடலின் மேலுள்ள காற்று அதை நோக்கி விரைகிறது. அக்காற்று தன் ஆற்றலில் ஒரு பகுதியைக் கடலுக்கு அளிக்கின்றது. திறந்த கடலில் நீர் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே சுழல்கிறது. பயணம் செய்வது ஆற்றலே. அலையின் உயரம் இருமடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். கொழும்பில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றரைக்கூட எட்டாது. ஆகவே இக்கரையை ஆக்குவதும் அழிப்பதும் பெரும்பாலும் அலைதான். அது சாய்வாக வந்து மோதும்போது கரையோர நீரோட்டம் ஒன்று பிறந்து மணலை வடக்கே தள்ளிச் செல்கிறது. கால்வாயின் வாயை மணல் அடைப்பதும் அலையின் வேலையே.

அந்நிய ஆட்சியாளர் இந்த அலையை வேறொரு கண்கொண்டு பார்த்தனர். கோப்பித் தோட்டங்கள் பணம் குவித்த காலம் அது. ஆனால் கொழும்போ திறந்த கடல். சோளக மாதங்களில் கப்பல்கள் அங்கே அச்சமின்றி நிற்க இயலவில்லை. பெருங்கப்பல்கள் காலியை நாடின. சர் ஜோன் கூட் என்னும் பொறியியலாளரின் திட்டப்படி, 1875 டிசெம்பரில், பின்னாளில் ஏழாம் எட்வேர்ட் மன்னரான வேல்ஸ் இளவரசர் அலைதடுப்புச் சுவருக்கு முதற்கல் நாட்டினார். 4,212 அடி நீளமான தென்மேற்குச் சுவர் 1885இல் முடிவுற்றது.

கல் நாட்டியவரின் பெயர் நமக்குத் தெரியும். கல் உடைத்தவர்கள் மஹரையின் கைதிகள். சுவருக்கு வேண்டிய கல்லுக்காகவே அங்கே சிறைச்சாலை எழுந்தது. ஆயிரம் மைல் கடந்து வந்த காற்றின் வலிமைக்கு எதிரே நிறுத்தப்பட்டது இம்மனிதரின் தோள்வலிமை. ஏகாதிபத்தியத்தின் கணக்கேட்டில் அது செலவாக எழுதப்படுவதில்லை! அலை அடங்கியதும் கப்பல்கள் காலியை விட்டுக் கொழும்புக்கு வந்தன, காலி தளர்ந்தது. கொட்டாஞ்சேனையைச் சூழ்ந்து துறைமுகத் தொழிலாளரின் குடியிருப்புகள் நெருங்கின. மலையகத் தேயிலை இவர்களின் முதுகேறியே கப்பலுக்குச் சென்றது.

சுவர் அலையை நிறுத்தியதேயன்றி, காற்று கடலுக்குக் கொடுப்பதை நிறுத்தவில்லை. கரையில் மணல் உள்ளவரை அலையின் ஆற்றல் அதை உருட்டுவதிலே செலவாகும். மணல் குறைந்தால் அது நிலத்தைத் தின்னும். துறைமுகத்துக்கு வடக்கே கடலில் கலக்கும் களனி கங்கைதான் அங்குள்ள கரைக்கு மணல் ஊட்டிய தாய். அம்மணலைக் கொழும்பின் கட்டடங்களுக்காக அள்ளினர், இன்னும் அள்ளுகின்றனர். அரிப்பைக் கட்டுப்படுத்த 1981இல் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. கருங்கல் அணைகளும் போடப்பட்டன. கல் உள்ள இடத்தில் நிலம் நிற்கிறது. கல் முடியும் இடத்தில், மீனவன் வீட்டு முற்றத்துத் தென்னையின் வேரை அலை தோண்டுகிறது.