கூடுதலும் கூட்டுதலும்: சிராங்கூன் வட்டாரத்தை முன்வைத்து ஒரு சொல் வரலாறு

‘அசெம்பிளி’ என்னும் ஆங்கிலச் சொல் சட்டமியற்றும் மன்றத்தைக் குறிக்கும். பள்ளி மாணவர் காலையில் நிரையாக நிற்பதைக் குறிக்கும். ஐவரோ அதற்கு மேற்பட்டோரோ குற்ற நோக்கொடு சேர்வதையும் குறிக்கும். தொழிற்சாலையில் உதிரிப் பாகங்களைப் பொருத்தி முழுப்பொருளாக்கும் வேலைக்கும் அதுவே பெயர். தமிழில் இவற்றுக்குத் தனித்தனிச் சொற்கள் வழங்குகின்றன. மொழிபெயர்ப்பாளருக்கு இஃது இடர்ப்பாடாகத் தோன்றலாம். வரலாறு பயில்வோருக்கோ நல்வாய்ப்பு. தமிழ் வினையமைப்பு இங்கு ஒரு நுட்பமான வேறுபாட்டைப் பேணிவருகிறது. ஓடு, ஓட்டு, ஆடு, ஆட்டு என்பன போலக் ‘கூடு’ தன்வினை, ‘கூட்டு’ பிறவினை. மக்கள் கூடினரா, கூட்டப்பட்டனரா என்னும் வினாவை ஆங்கிலச் சொல் எழுப்புவதில்லை. தமிழ்ச் சொல் எழுப்பாமல் விடுவதில்லை. சிராங்கூன் வட்டாரத் தமிழர் வரலாற்றை எழுதப் புகுவோருக்கு இவ்வினாவே அடிப்படையானது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

அவை, மன்று, அம்பலம், பொதியில் என்பன பழந்தமிழில் மக்கள் கூடும் இடத்தையும் கூடியோரையும் உணர்த்தின. இவற்றுள் மன்று என்பதன் வரலாறு தனித்து நோக்கத்தக்கது. கி.பி. 800 அளவினதாகிய மானூர்க் கல்வெட்டு, பாண்டியன் மாறஞ்சடையன் காலத்துச் சபையில் பங்குகொள்வோருக்குரிய தகுதிகளை வரையறுக்கிறது. சபை நடவடிக்கையில் கலந்துகொள்வதை அது ‘மன்றாடுதல்’ என்றே சுட்டுகிறது. முன்வைக்கப்படும் ஒவ்வொன்றையும் மறுத்துக் குழப்பம் விளைவிப்போருக்கு 5 காசு தண்டமும் விதிக்கிறது. இன்று மன்றாடுதல் என்றால் கெஞ்சுதல். மன்றில் உரிமையோடு வாதிட்டவரின் செயலைக் குறித்த சொல், மன்றுக்கு வெளியே நின்று இரப்பவரின் செயலைக் குறிப்பதாயிற்று. இப்பொருள் மாற்றம் எக்காலத்து நிகழ்ந்தது என்பதை அகராதியியலார் ஆராய்தல் நன்று.

உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை (919, 921) மக்களாட்சியின் தொட்டில் எனப் போற்றுவது நம்மிடையே மரபாகிவிட்டது. குடவோலை முறை வியத்தற்குரியதே. எனினும் அது பிராமணர் ஊராகிய சதுர்வேதிமங்கலத்தின் சபை. நிலமும் மனையும் கல்வியும் உடைய, 35 முதல் 70 வயதுக்குட்பட்ட ஆடவரே அதன் வாரியங்களுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். தென்கிழக்காசியத் தமிழருக்கு இதனினும் நெருக்கமான சான்று ஒன்றுண்டு. சுமத்திராவின் பாரூசு அருகே லோபு துவாவில் கிடைத்த, சக ஆண்டு 1010க்குரிய (கி.பி. 1088) தமிழ்க் கல்வெட்டு, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகர் குழுவினர் அங்குக் கூடி எடுத்த முடிவைப் பதிவுசெய்கிறது. அரசன் அழைத்துக் கூட்டிய அவையன்று அது. கடல்கடந்து வந்தோர் தாமே கூடிய அவை.

பிற்காலத்தில் மலாயாவுக்கு வந்த தமிழருள் பெரும்பாலோர் அவ்வாறு வரவில்லை. கங்காணி தம் ஊரில் ஆள்களைக் கூட்டிவந்தார். 1938இல் இந்திய அரசு தடைசெய்யும்வரை அம்முறை நீடித்தது. கூட்டிவரப்பட்டோரும் அவர்தம் வழியினரும், தாமே வந்த வணிகரும் எழுத்தரும், தாமாகக் கூடுவதற்கு அமைத்துக்கொண்டவையே சங்கங்களும் சபைகளும். 1932இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. 1951இல் கோ. சாரங்கபாணி முதலியோர் முயற்சியால் தமிழர் பிரதிநிதித்துவ சபை உருவாயிற்று. இன்று அது தமிழர் பேரவை என வழங்குகிறது. சங்கம், சபை, பேரவை என்னும் பெயர்வரிசையில் தனித்தமிழ் உணர்வின் வளர்ச்சியையும் காணலாம். சிராங்கூன் சாலையை அடுத்த ஷார்ட் தெருவில் தமிழ் மெதடிஸ்ட் திருச்சபை உள்ளது. கிறித்தவத் தமிழரிடையே சபை என்னும் சொல் வழிபடுவோரின் கூட்டத்தையே உணர்த்துகிறது.

அரசியல் மன்றத்துக்கு வருவோம். ரெண்டல் ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி 1955இல் அமைந்த சிங்கப்பூர்ச் சட்டமன்றத்தில் 32 உறுப்பினர். அவருள் 25 பேர் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அம்மன்றத்தின் மொழி ஆங்கிலம் ஒன்றே. கூடும் உரிமை பெற்றோரும் தம் மொழியில் வாய்திறக்க இயலாத நிலை அது. 1956 பிப்ரவரியில், டேவிட் மார்ஷல் முதலமைச்சராயிருந்தபோது, வாய்மொழி விவாதத்தில் ஆங்கிலம், மலாய், மாண்டரின், தமிழ் ஆகிய நான்கும் இடம்பெற வேண்டும் என்னும் தீர்மானம் ஏற்கப்பட்டது. இன்றைய அரசமைப்புச் சட்டத்தின் 53ஆம் உறுப்பு நாடாளுமன்றத்தில் இந்நான்கு மொழிகளுக்கும் இடமளிக்கிறது. சிராங்கூன் வட்டாரத் தமிழ் மேடைகளில் ஒலித்த மொழி ஒரு நாட்டின் மன்றுக்குள் சட்டப்படி நுழைந்தது சிறிய செய்தியன்று. அவ்வுரிமை மிக அரிதாகவே பயன்படுத்தப்படுகிறது என்பதையும் தமிழாசிரியர் உலகம் எண்ணிப்பார்க்க வேண்டும்.

இனித் தொழிற்சாலை. 1941 அக்டோபரில் புக்கிட் தீமாவில் ஃபோர்டு நிறுவனத்தின் வாகனப் பாகங்களைப் பொருத்தும் ஆலை திறக்கப்பட்டது. தென்கிழக்காசியாவில் அந்நிறுவனத்தின் முதல் ஆலை அது. வண்டிகளைக் கூட்டுவதற்கென எழுந்த அக்கட்டடத்தில்தான் 1942 பிப்ரவரி 15 அன்று பிரித்தானியர் ஜப்பானியரிடம் சரணடைந்தனர். இரண்டு நாள் கழித்து, சிராங்கூன் சாலைக்கு அண்மையிலுள்ள ஃபேரர் பார்க் திடலில் பிரித்தானியப் படையின் இந்திய வீரர் ஏறத்தாழ 45,000 பேர் வரிசையாக நிறுத்தப்பட்டு, ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். இவ்வட்டாரம் கண்ட மிகப் பெரிய கூட்டங்களுள் அதுவும் ஒன்று. அதில் தாமாக வந்தவர் எவருமிலர். அத்திடலிலேயே இந்திய தேசிய இராணுவத்துக்கான அழைப்பு விடுக்கப்பட்டது. கூட்டப்பட்டோருள் ஒரு பகுதியினர் அங்கே தம் விருப்பால் கூடினோராக மாறினர் எனலாமா? கைதியின் விருப்பத்தை விருப்பமென்று கொள்வதில் வரலாற்றாசிரியரிடையே கருத்து வேறுபாடு உண்டு. 1950களில் அதே திடல் தேர்தல் கூட்டங்களுக்குப் பெயர்பெற்றது.

1960களின் இறுதியில் மின்னணுத் தொழில் வந்தது. 1968இல் சிங்கப்பூருக்கு வர முடிவெடுத்த டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ், 50 நாளில் உற்பத்தியைத் தொடங்கியதாக லீ குவான் இயூ தம் நினைவுநூலில் குறிப்பிடுகிறார். சிராங்கூன் சாலையோடு வந்து சேரும் பெண்டமியர் சாலையில் அந்நிறுவனத்தின் ஆலை பல்லாண்டு இயங்கியது. சில்லுகள் பெரும்பாலும் அமெரிக்காவில் உருவாயின. இங்குள்ள ஆலைகளில் இளம்பெண்கள் நுண்ணோக்கி வழியே பார்த்து, மயிரிழையினும் மெல்லிய பொற்கம்பிகளை அவற்றில் இணைத்தனர். சோதித்த பின் அவை மீண்டும் கடல் கடந்தன. இவ்வாலைகளை வரவேற்ற அதே 1968இல், வேலைவாய்ப்புச் சட்டமும் தொழில் உறவுச் சட்டத் திருத்தமும் நிறைவேறின. பதவி உயர்வு, இடமாற்றம், ஆட்குறைப்பு, பணிநீக்கம் முதலியன தொழிற்சங்கங்களின் கூட்டுப்பேரத்துக்கு அப்பாற்பட்டவையாயின. பாகங்களைக் கூட்டும் வேலை பெருகிய காலத்திலேயே அவற்றைக் கூட்டியவர் கூடிப் பேசத்தக்க பொருள்கள் குறுகின. வேலையின்மையும் பிரித்தானியப் படைத்தளங்கள் மூடப்படும் என்ற அச்சமும் இதற்குக் காரணமாயின என்பதை மறைத்தலாகாது. ஆயினும் இரண்டும் ஒரே கொள்கையின் இரு கூறுகள் என்பதைப் பொருளியல் வரலாறுகள் போதிய அழுத்தத்தோடு கூறுவதில்லை. 2024இல் திருப்பெரும்புதூர்ச் சாம்சங் ஆலைத் தொழிலாளர் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தபோதும், சங்கத்துக்கு ஏற்புப் பெறுவதே அவர்தம் முதன்மைக் கோரிக்கையாக இருந்தது.

சட்டவிரோதக் கூட்டம் என்னும் கருத்து 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்திலிருந்து நீரிணைக் குடியேற்றங்களுக்கு வந்தது. சிங்கப்பூர்த் தண்டனைச் சட்டத்தின் 141ஆம் பிரிவிலும் எண்ணிக்கை ஐந்துதான். 2009ஆம் ஆண்டின் பொது ஒழுங்குச் சட்டமோ, தனியொருவர் நடத்தும் ஆர்ப்பாட்டத்தையும் ‘அசெம்பிளி’யின் வரையறைக்குள் அடக்கியது. இதனைத் தமிழில் பெயர்க்க முயல்வோர் திகைப்பர். ஒருவர் எவ்வாறு கூடுவார்?

2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. ரேஸ்கோர்ஸ் சாலையும் ஹேம்ப்ஷயர் சாலையும் சந்திக்குமிடத்தில் தமிழகத் தொழிலாளர் ஒருவர் பேருந்தில் சிக்கி இறக்க, கலவரம் மூண்டது. 25 பேர் மீது குற்றஞ்சாட்டப்பட்டது. அவருள் சிலர் கலைந்துசெல்லும் ஆணையை மீறியமைக்காகத் தண்டிக்கப்பட்டனர். விபத்தும், மீட்புப் பணி பற்றிய தவறான எண்ணமும், மதுவும் காரணங்கள் என 2014இல் விசாரணைக் குழு அறிக்கை தந்தது. நம் கவனத்துக்குரியது வேறொன்று. தமிழில் ‘கலைத்தல்’ பேரவைக்கும் கும்பலுக்கும் பொது. ஆளுநர் பேரவையைக் கூட்டுகிறார், கலைக்கிறார். காவலர் கூட்டத்தைக் கலைக்கின்றனர். பேரவை கலைந்தால் தேர்தல் வரும். கூட்டம் கலைந்தால்? வாரத்தில் ஆறு நாள் கட்டுமானத் தளங்களில் வேலை செய்து, ஏழாம் நாள் ஊருக்குப் பணமனுப்பவும் உறவினரைக் காணவும் தேக்காவுக்கு வருவோரின் கூடலை, கலவரத்துக்கு முன்பும் பின்பும், பலர் ‘நெரிசல்’ என்றே பேசியிருக்கின்றனர். ஊர்ச்செய்தியும் வேலைச்செய்தியும் கைமாறும் அக்கூடல், மன்று என்னும் சொல்லின் தொன்மையான பொருளுக்கு இவ்வட்டாரத்திலுள்ள எந்த மண்டபத்தைக் காட்டிலும் நெருங்கியது என்பது எம் துணிபு.

2020 ஏப்ரலில் பெருந்தொற்றால் விடுதிகள் அடைக்கப்பட்டபோது அக்கூடலும் நின்றது. 2021 செப்டம்பரில் சோதனை முயற்சியாகச் சில விடுதித் தொழிலாளர், தடுப்பூசி போட்டுக்கொண்டோர் மட்டும், வாரத்துக்கு 500 பேர் வரை, குறித்த நேரத்துக்கு லிட்டில் இந்தியாவுக்குக் கூட்டிவரப்பட்டனர்.