செயிண்ட் ஆண்ட்ரூஸ் பழைய ஆடுகளம்

செயிண்ட் ஆண்ட்ரூஸ் பழைய ஆடுகளம் என்பது ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பகுதியில், வட கடலின் கரையில் உள்ள செயிண்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அமைந்துள்ள குழிப்பந்தாட்டக் களம் ஆகும். ஓல்டு கோர்ஸ் என்னும் பெயரால் அறியப்படும் இது, உலகின் மிகப் பழைய கோல்ஃப் களங்களுள் ஒன்று. "குழிப்பந்தாட்டத்தின் தாயகம்" என்றும் போற்றப்படுகிறது. புகழ்பெற்ற களங்கள் பல தனியார் மன்றங்களின் வேலிக்குள் இருக்க, இது பொது நிலமாகவே நிலைத்துள்ளது. ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கு வழமையாக ஆட்டம் நடைபெறுவதில்லை. அன்று களம் முழுவதும் பூங்காவைப் போல மக்கள் உலாவத் திறந்துவிடப்படுகிறது.

நிலத்தின் இயல்பு

கடற்கரைக்கும் விளைநிலத்துக்கும் இடையே மணல்மேடுகளும் குட்டைப் புல்லும் முட்புதர்களும் நிறைந்து கிடக்கும் நிலம் ஸ்காட்லாந்தில் லிங்க்ஸ் எனப்படும். உழவுக்கு ஏற்றதல்லாத இந்நிலம் மேய்ச்சலுக்கும் முயல் பிடிக்கவும் பந்தாடவும் பயன்பட்டது. பழைய ஆடுகளத்தை எவரும் வரைபடம் இட்டு உருவாக்கவில்லை. காற்றுக்கு ஒதுங்கிய செம்மறியாடுகள் படுத்துப் படுத்து உண்டான பள்ளங்களே மணற்பள்ளங்கள் சிலவற்றின் தொடக்கம் என்று கூறுவர். இன்று களத்தில் 112 மணற்பள்ளங்கள் உள்ளன. பதினான்காம் குழிக்கான வழியில் உள்ள பெரும் பள்ளத்தின் பெயர் "நரகம்".

ஒரே வழியில் சென்று அதே வழியில் திரும்பும் பழைய வழக்கத்தின் எச்சமாக, ஏழு பெரும் புல்தரைகள் ஒவ்வொன்றும் இரு குழிகளைத் தாங்கியுள்ளன. அவ்விரு குழிகளின் எண்களைக் கூட்டினால் எப்போதும் பதினெட்டே வரும். ஆட்டத்துக்குப் பதினெட்டுக் குழிகள் என்னும் கணக்கே இங்கிருந்துதான் பரவியது. 1764 இல் 22 ஆக இருந்த ஆட்டக்குழிகள் 18 ஆகக் குறைக்கப்பட்டன.

உரிமைப் போராட்டம்

பந்தாட்டம் வில்வித்தைப் பயிற்சிக்கு இடையூறாக உள்ளது என்று 1457 இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் அதனைத் தடைசெய்தது. எனினும் 1552 இல் பேராயர் ஜான் ஹாமில்டன் வழங்கிய சாசனம், இந்நிலத்தில் ஆடும் உரிமை நகர மக்களுக்கு உண்டு என ஏற்றது.

அவ்வுரிமைக்கு 1797 இல் பெரும் ஆபத்து நேர்ந்தது. கடனில் மூழ்கிய நகர மன்றம் நிலத்தை விற்க, அது முயல் வளர்க்கும் வணிகர்களின் கைக்குச் சென்றது. முயல்கள் புல்தரையெங்கும் வளை தோண்டின. ஆடுவோருக்கும் முயல் வளர்ப்போருக்கும் இடையே எழுந்த பூசல் நீதிமன்றம் சென்று, இருபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 1821 இல் ஜேம்ஸ் சீப் என்னும் உள்ளூர் நிலக்கிழார் நிலத்தை வாங்கியதால் களம் தப்பியது. 1894 இல் நகர மன்றம் அதனை மீண்டும் பெற்றது. 1974 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி உருவான அறக்கட்டளை அன்றுமுதல் களத்தைப் பேணி வருகிறது.

முதற் குழியின் தொடக்கத்தில் நிற்கும் கற்கட்டடம் ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கோல்ஃப் மன்றத்துக்கு உரியது. களமும் அம்மன்றத்தின் உடைமை எனப் பலர் கருதுவது தவறு. 1754 இல் தொடங்கிய அம்மன்றம் 2014 இல்தான் பெண்களை உறுப்பினராக ஏற்க முடிவு செய்தது.

ஆட்டமும் போட்டிகளும்

1860களில் களப் பொறுப்பாளரான ஓல்டு டாம் மாரிஸ், ஆடும் வழிகளை அகலப்படுத்தியதுடன் பதினெட்டாம் குழியின் புல்தரையையும் அமைத்தார். 1873 இல் ஓப்பன் போட்டி முதன்முறையாக இங்கு நடைபெற்றது; 2022 இல் நடந்த 150 ஆவது ஓப்பன் இக்களத்தில் நடந்த முப்பதாவது போட்டியாகும். 1921 இல் இங்கு ஆட்டத்தைப் பாதியில் கைவிட்ட அமெரிக்கர் பாபி ஜோன்ஸ், 1927 இல் இங்கேயே வென்றார். 1958 இல் அவருக்கு நகரின் கௌரவக் குடியுரிமை வழங்கப்பட்டது.

இங்கு ஆட விரும்புவோருக்கான இடங்களுள் ஒரு பகுதி சீட்டுக் குலுக்கல் முறையில் ஒதுக்கப்படுகிறது. நகரவாசிகளுக்குக் குறைந்த ஆண்டுக் கட்டணம் உண்டு.

காட்சிச் சிறப்பு

மலையும் ஏரியும் சூழ்ந்த களங்களைக் கண்டவர்க்கு, முதற்பார்வையில் இது வெறும் மேட்டுநிலமாகத் தோன்றக்கூடும். இதன் அழகு திரும்பும் வழியில்தான் விளங்கும். கடலை நோக்கி வெளியே சென்று திரும்புகையில், பல்கலைக்கழகக் கோபுரங்களும் பழைய பேராலயத்தின் இடிபாடுகளும் குழிக்குக் குழி அண்மித்து வருகின்றன. கடைசிக் குழி நகரத் தெருவின் ஓரத்திலேயே முடிகிறது. முதல், கடைசி வழிகளைக் குறுக்காகக் கடக்கும் பொதுச் சாலை ஒன்றும் உண்டு. மேற்கு மணற்கரைக்குச் செல்வோர் அதில் நடந்து செல்லும்போது, பந்தடிப்பவர் காத்திருக்கிறார்.

பதினெட்டாம் வழியில் ஸ்வில்கன் ஓடையின் மீதுள்ள சிறு கற்பாலத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வது வழக்கம். கால்பட்டுத் தேய்ந்த புல்லைக் காக்க 2023 பெப்ரவரியில் பாலத்தின் அடியில் கற்கள் பதிக்கப்பட்டன. கடும் எதிர்ப்பு எழுந்ததால், சில நாட்களுக்குள் அவை பெயர்த்தெடுக்கப்பட்டன.