நோயாளியின் சொல்லும் கருவியின் சொல்லும்

சிலாங்கூர் ஆற்றை அடுத்துள்ள பத்தாங் பெர்ஜுந்தாய், 2007-ஆம் ஆண்டு முதல் பெஸ்தாரி ஜெயா என வழங்கப்படுகிறது. ஊர்ப் பெயர் மாறினும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களின் வரலாறு மாறிவிடவில்லை. அத்தோட்டங்களில் நோயுற்ற தொழிலாளி ஆஸ்பத்திரிக்குச் சென்று தன் நோவைத் தமிழில் சொன்னான். டிரெசர் அதனை ஆங்கிலத்தில் ஏட்டில் பதிந்தார். குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், எரிச்சல் எனத் தமிழர் வகுத்துணர்ந்த நோவுகள், ஏடேறும்போது ‘பெயின்’ என்னும் ஒரே சொல்லுள் ஒடுங்கிவிடுதல் எளிது.

இன்று ஏட்டின் இடத்தைக் கணினி பெற்றுள்ளது. மருத்துவர் இரண்டோர் எழுத்துகளைத் தட்டியதும், வரவேண்டிய சொல்லைக் கருவியே முன்மொழிகிறது. இதனால் நேரம் மிச்சமாகிறது, எழுத்துப்பிழை குறைகிறது. ஆயினும் அக்கருவி நோயாளியை அறியாது. முன்னர் எழுதப்பட்டவற்றை மட்டுமே அறியும்.

இக்கலையின் வேர் கணினிக்கும் முற்பட்டது. 1913-இல் ருஷ்யக் கணித அறிஞர் மார்க்கொவ், புஷ்கினின் காவியம் ஒன்றிலிருந்து 20,000 எழுத்துகளை எடுத்து, உயிரும் மெய்யும் ஒன்றையொன்று தொடரும் முறையை எண்ணிக் கணக்கிட்டார். 1948-இல் அமெரிக்கரான ஷானன், ஒரு சொல்லையடுத்து எச்சொல் வரக்கூடும் என்பதையும் அவ்வாறே கணக்கிடலாமென விளக்கினார். மிகுதியாக வழங்குவது முன்னே வரும். அரிதாக வழங்குவது பின்தள்ளப்படும். எழுதப்படாத சொல்லோ வரவே வராது.

அங்ஙனமாயின், தமிழ் மருத்துவக் குறிப்புக்குரிய சொற்களஞ்சியம் உண்டா என்னும் வினா எழுகிறது. அதற்கு யாழ்ப்பாணம் விடை தருகிறது. 1847-இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் தங்கி, மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். 1867-இல் ‘இரண வைத்தியம்’, 1872-இல் ‘மனுஷ அங்காதிபாதம்’, 1875-இல் ‘கெமிஸ்தம்’ முதலிய நூல்கள் அவர் முயற்சியால் வெளிவந்தன. தமிழ்ச்சொல் கிடைத்தவிடத்து அதனையும், கிடையாதவிடத்து வடசொல்லையோ ஆங்கிலச் சொல்லின் ஒலிபெயர்ப்பையோ அவர் மேற்கொண்டார். 1873-இல் அவர் தாயகம் திரும்பிய பின்னர், ஆங்கிலமே மருத்துவக் கல்வியின் மொழியாயிற்று. களஞ்சியம் இருந்தது, அதில் புது நெல் கொட்டுவாரில்லை.

எழுதுங்கருவிக்குத் தமிழில் இன்று குறைவில்லை. மலேசியரான முத்து நெடுமாறன் 1985-இல் ‘முரசு அஞ்சல்’ மென்பொருளைத் தந்தார். அவருடைய ‘செல்லினம்’ 2005-ஆம் ஆண்டு பொங்கலன்று சிங்கப்பூரில் வெளியீடு கண்டது. கைப்பேசியில் தமிழ்ச் சொற்களை முன்மொழியவும் வல்லது. எனினும் தமிழில் ஒரு சொல் வேற்றுமையுருபு ஏற்றுப் பல வடிவங்கொள்ளும். ‘தலைவலி’ என்பதை அறிந்த கருவி ‘தலைவலியால்’, ‘தலைவலியோடு’ என்பனவற்றையும் அறிதல் வேண்டும். அதற்கு வேண்டுவது எழுதப்பட்ட தமிழ்க் குறிப்புகளே.

விரைவை மட்டும் நாடுவதில் தீங்கும் உண்டு. பெயரொத்த இரு மருந்துகளுள் தவறானதை முன்மொழிந்தால், கருவிக்கு நட்டமில்லை, இழப்பு நோயாளிக்கே. ஆதலின் முன்மொழிவது கருவியாயினும், முடிவு செய்வது மருத்துவரின் கண்ணாக வேண்டும்.

பத்தாங் பெர்ஜுந்தாய்த் தோட்டத்து மூதாட்டி ஒருத்தி ‘முழங்காலில் குடைச்சல்’ என்றால், அச்சொல் அப்படியே குறிப்பில் ஏறுதல் வேண்டும். இன்று எழுதப்படும் சொல்லையே நாளைய கருவி நினைவில் வைத்திருக்கும்.