மதுரையில் தையலும் துணி பேணலும்

தமிழர் ஆடை வரலாற்றை எழுதப் புகுந்தோர் பலரும் நூற்றல், நெய்தல், விற்றல் என்னும் மூன்றனோடு அமைந்து விடுகின்றனர். ஆயின், தறியினின்று இறங்கிய துணி வேறிரு கைகளின் உழைப்பையும் வேண்டி நிற்கின்றது. ஒன்று ஊசி பிடித்த கை. மற்றொன்று வெளுத்துக் கஞ்சியிட்ட கை. இவ்விரண்டையும் விடுத்து ஆடை வரலாறு நிறைவுறாது என்பதை மதுரையை முதன்மையாகக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

மதுரைக்குத் தென்கிழக்கிலுள்ள கீழடியில் 2015 ஆம் ஆண்டு தொடங்கிய அகழாய்வுகளில் நூல் நூற்கும் தக்களிகள் கிடைத்துள்ளன. சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையோ, மதுரை அறுவை வீதியில் பருத்தி, மயிர், பட்டு ஆகிய மூவகை இழையாலும் ஆன ஆடைகள் அடுக்கடுக்காக வைக்கப்பட்டிருந்தமையைக் கூறுகின்றது. இழை வேறாயின் பேணும் முறையும் வேறாதல் இயல்பேயாம்.

பேணும் முறைக்குச் சான்று மதுரைக்காஞ்சியிலேயே உளது. பாண்டியன் நெடுஞ்செழியன் உடுத்த ஆடை சோற்றுக் கஞ்சி தோய்ந்தது என்கின்றது அப்பாட்டு. நற்றிணை 90 ஆம் பாட்டில், விழா நிகழும் மூதூரொன்றில் கை ஓயாது இரவிலும் ஆடைக்குக் கஞ்சி தோய்க்கும் பெண்ணைக் காண்கின்றோம். வேந்தனின் பெயர் நிலைத்தது; அவன் ஆடைக்குப் பொலிவு தந்த கையின் பெயரோ எங்கும் இல்லை.

இனி ஊசியைக் காண்போம். தைத்த ஆடை அயலார் வழி வந்தது. எனவே தையற்கலையும் அயலதே என்பார் உளர். முல்லைப்பாட்டு, சட்டை அணிந்தோராக யவனரைக் காட்டுவது மெய்யே. ஆயின், பொருநராற்றுப்படையில் வறிய கலைஞன் உடுத்த கந்தை, வேற்று இழை நுழைத்துத் தைக்கப்பட்டதாகும். சிலப்பதிகாரம் புகார் நகரத் தொழிலாளருள் துன்னகாரரைத் தனியே எண்ணுகின்றது. துன்னுதல் என்பது தைத்தல். சட்டையின் வரவு வேறு. ஊசித்தொழிலின் தோற்றம் வேறு. இரண்டையும் ஒன்றாக மயங்குதல் பொருந்தாது. கிழிந்ததைத் தைத்துக் காத்தலும் துணி பேணலேயாதலின், இவ்விரு தொழிலும் தொடக்கம் முதலே உறவுடையன எனலாம்.

இவ்வுறவு பிற்கால மதுரையிலும் தொடர்ந்தது. திருமலை நாயக்கர் (1623-1659) எடுப்பித்த புதுமண்டபத்தில், சிற்பத் தூண்களுக்கிடையே தையற்காரர் பல்லாண்டுகள் அமர்ந்து தொழில் செய்தனர். கோயிற் குடைகள், தேர்ச்சீலைகள், தொம்பைகள், சித்திரைத் திருவிழாவில் அழகர் வேடம் பூணுவோர்க்குரிய உடைகள் ஆகியன அவர்தம் கைவண்ணமாம். மண்டபத்தைக் காக்கும் பொருட்டு அண்மையில் கடைகள் அருகிலுள்ள குன்னத்தூர்ச் சத்திரத்திற்கு மாற்றப்பட்டன. கல்லைக் காத்தல் கடமையே. அதனிடையே வளர்ந்த கைத்திறனைக் காத்தலும் அத்தகையதே.

துணியின் இயல்பறிந்து நடத்தலே இக்கைத்திறனின் உயிர். பருத்தி நனைந்தாற் சுருங்குமாதலின் தேர்ந்த தையற்காரர் நனைத்து உலர்த்திய பின்னரே வெட்டுவர். பருத்திக்கு மிடுக்குத் தரும் கஞ்சி, பட்டின் மென்மையைக் கெடுக்கும். சௌராட்டிர மக்கள் முடிச்சிட்டுச் சாயம் தோய்த்து வளர்த்த சுங்குடிச் சேலையை முதன்முறை உப்பு நீரில் அலசி நிழலில் உலர்த்துதல் இல்லத்தார் மரபு. அச்சேலை 2005 இல் புவிசார் குறியீடு பெற்றது. நெய்பொருளுக்குச் சட்டக் காப்பு வந்தது. அதனைப் பேணும் அறிவோ இன்னும் வாய்மொழியாகவே நிற்கின்றது.

ஆகலின், சத்திரத்துத் தையற்காரரிடமும் வைகைக் கரையில் வெளுப்போரிடமும் வழங்கும் தொழிற்சொற்களைத் தொகுத்தல் தமிழ்த்துறையினர் உடன் மேற்கொள்ளத்தக்க பணியாம். துன்னகாரர் என்னும் சொல்லை இலக்கியம் காத்துத் தந்தது. அவர்தம் வழித்தோன்றலாய்த் தொழில் செய்வோரின் சொற்களைக் காத்தல் நம் கடன்.